உலகமயமாதல் நேர்வாய்வுக்கு நாடு தேர்ந்தெடுத்தல்: திருத்தணிப் பகுதி மாணவரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

உலகமயமாதலின் விளைவுகளை ஒரு நாட்டின் வழி ஆராயும் நேர்வாய்வு, பொருளியல் மாணவர்க்கு வழங்கப்படும் பயிற்சிகளுள் ஒன்றாகும். எந்த நாட்டை எடுத்துக்கொள்வது என்னும் முதல் முடிவே அப்பயிற்சியின் பயனைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பெயர்பெற்ற நாடு என்பதற்காகச் சீனாவையோ அமெரிக்காவையோ எடுக்கும் மாணவர், பிறர் முன்பே கண்ட முடிவுகளைத் தொகுப்பதோடு நின்றுவிட நேர்கிறது. நாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு ஐந்து அளவைகளை இக்கட்டுரை முன்வைக்கிறது. ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள திருத்தணிப் பகுதியின் பொருளியல் சூழலில் அவற்றைப் பொருத்திப் பார்த்து, நெசவு சார்ந்த அப்பகுதியின் மாணவர்க்கு வங்கதேசம் ஏற்ற நேர்வாக அமைவதை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உலகமயமாதல், நேர்வாய்வு, திருத்தணி, விசைத்தறி, வங்கதேசம், ஆயத்த ஆடை, பல்லிழை ஒப்பந்தம்

முன்னுரை

உலகமயமாதல் என்னும் சொல் இந்திய மாணவர்க்கு 1991ஆம் ஆண்டின் பொருளியல் சீர்திருத்தத்தோடு இணைந்தே அறிமுகமாகிறது. தாராளமயமாதல், தனியார்மயமாதல், உலகமயமாதல் என்னும் மூன்றும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. அவற்றின் நன்மைகளும் தீமைகளும் இரு பட்டியல்களாக மனப்பாடம் செய்யப்படுகின்றன. இப்பட்டியல்களிலிருந்து மாணவரை வெளிக்கொணர்ந்து, ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட மக்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கச் செய்வதே நேர்வாய்வின் நோக்கம். ஆயினும், நேர்வு எதுவெனத் தேர்ந்தெடுக்கும் முறை பெரும்பாலும் கற்பிக்கப்படுவதில்லை. ஆய்வு செய்யும் வழிகள் விளக்கப்படும் அளவிற்கு, எதை ஆய்வது என முடிவு செய்யும் வழி விளக்கப்படாமையால், மாணவர் கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்கின்றனர். இக்குறையை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

1. நேர்வாய்வும் நாடும்

நேர்வாய்வு என்பது ஒரு நாட்டைப் பற்றிய குறிப்புகளின் திரட்டு அன்று. ஒரு பொது வினாவுக்கு விடை காண ஒரு குறிப்பிட்ட நேர்வைப் பயன்படுத்துவதே நேர்வாய்வு. ஆகவே நாடு முதலிலும் வினா பின்னரும் வருவது முறையாகாது. ‘வியட்நாமும் உலகமயமாதலும்’ என்பது ஒரு தலைப்பு மட்டுமே. ‘1986இல் தொடங்கிய தோய் மோய் சீர்திருத்தத்திற்குப் பின் வியட்நாம் உழவர் வருமானம் எவ்வாறு மாறியது?’ என்பது வினா. தலைப்புக்கு எவ்வளவு எழுதினாலும் முடிவு இராது. வினாவுக்கு விடை உண்டு, அவ்விடை தவறாகவும் இருக்கக்கூடும். தவறாகக்கூடிய விடையைத் தேடுவதே ஆய்வு.

நாடு என்னும் அலகையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். இதனை உணர்வதற்குத் திருத்தணி மாணவர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அக்கோட்டின் ஒருபுறம் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய நெசவு ஊர்களும், மறுபுறம் நகரி, புத்தூர் ஆகிய நெசவு ஊர்களும் அமைந்தன. இருபுறத்துத் தறிகளும் ஒரே தொழிலைச் சார்ந்தவை. மின்கட்டணச் சலுகை, நலத்திட்டம், அரசுக் கொள்முதல் ஆகியவை மட்டும் எல்லைக்கு எல்லை வேறுபடுகின்றன. எது எல்லையைக் கடக்கிறது, எது எல்லையில் நின்றுவிடுகிறது என்னும் இதே கேள்வியே நாடுகளுக்கிடையிலான உலகமயமாதல் ஆய்விலும் அடிப்படைக் கேள்வியாகும்.

2. தேர்வுக்கான ஐந்து அளவைகள்

அ) திருப்புமுனை: கொள்கை மாற்றமோ ஒப்பந்தமோ நிகழ்ந்த ஆண்டு தெளிவாகத் தெரிய வேண்டும். முன்னும் பின்னும் ஒப்பிட இயலாத நேர்வில் மாற்றத்தை அளக்க இயலாது.

ஆ) கைக்கு அடங்கும் அளவு: ஒரு பருவத்திற்குள் மாணவர் ஒருவரால் புரிந்துகொள்ளத்தக்க பொருளியலாக இருத்தல் வேண்டும். ஏற்றுமதி ஓரிரு துறைகளில் குவிந்துள்ள நாடுகள் இதற்கு ஏற்றவை.

இ) சான்றுகள்: கட்டணமின்றிக் கிடைப்பனவும், ஒன்றற்கு மேற்பட்ட நிறுவனங்களால் வெளியிடப்படுவனவுமான புள்ளிவிவரங்கள் இருத்தல் வேண்டும். ஒரே மூலத்தை நம்பும் ஆய்வில் பிழையைக் கண்டறிய வழியில்லை.

ஈ) இருமுகம்: ஆதாயமும் இழப்பும் ஒருங்கே காணப்படும் நேர்வே சிந்தனையைத் தூண்டும். வெற்றிக் கதையோ வீழ்ச்சிக் கதையோ மட்டும் உள்ள நாட்டில் முடிவு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

உ) உள்ளூர் இழை: மாணவர் நேரில் கண்டும் கேட்டும் அறியக்கூடிய ஏதேனும் ஒன்று அந்நாட்டோடு தொடர்புடையதாக இருத்தல் நன்று. புள்ளிவிவரம் சொல்வது உண்மையில் எதைக் குறிக்கிறது என்பதை அத்தொடர்பே உணர்த்தும்.

இவற்றுள் ஐந்தாவது அளவையே பெரும்பாலும் புறக்கணிக்கப்படுகிறது. உள்ளூர்த் தொடர்பு ஆய்வின் தரத்தைக் குறைக்கும் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். உண்மையில், எல்லோர்க்கும் கிடைக்கும் இணையத் தரவோடு அம்மாணவர்க்கு மட்டுமே கிடைக்கும் அறிவு ஒன்று சேரும் இடம் அதுவேயாகும்.

3. திருத்தணியின் பொருளியல் சூழல்

முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகிய திருத்தணி, திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கே, அரக்கோணம்–ரேணிகுண்டா தொடர்வண்டிப் பாதையில் அமைந்துள்ளது. மலைக்கோயிலுக்கு வரும் அடியார் கூட்டம், சுற்றுவட்டார வேளாண்மை, தறி ஆகிய மூன்றும் இப்பகுதியின் பழைய வாழ்வாதாரங்கள். தெற்கே திருப்பெரும்புதூர்த் தொழிற்பகுதியும், கிழக்கே ஆந்திர எல்லைக்குள் அமைந்த ஸ்ரீசிட்டியும் புதிய வேலைவாய்ப்புகளாக உருவாகியுள்ளன. தறி வீட்டில் பிறந்த இளைஞர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிச் செல்வது இப்பகுதியில் இயல்பான காட்சி.

இம்மாவட்டத்திற்கு அயல்நாட்டு வணிகம் 1991இல் தோன்றிய புதுமையும் அன்று. இதே மாவட்டத்தின் கடற்கரையில் உள்ள பழவேற்காட்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கெல்திரியாக் கோட்டை 1613இல் எழுந்தது. சோழமண்டலக் கரையின் துணிகளைக் கொடுத்துத் தென்கிழக்காசியத் தீவுகளின் நறுமணப் பொருள்களைப் பெறுவது அக்கம்பெனியின் வணிகமுறை. பழவேற்காட்டின் பெயரே ஒருவகை வண்ணத் துணியின் பெயராக ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றது. சென்னைக் கட்டம்போட்ட கைக்குட்டைத் துணி பிற்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாக நைஜீரியாவில், சடங்குக்குரிய மதிப்பைப் பெற்றது. ஆதலால், உலகமயமாதல் எப்போது தொடங்கியது என்னும் வினாவைக்கூட இம்மாவட்ட மாணவர் தம் மண்ணிலிருந்தே எழுப்பலாம்.

4. நாடுகளின் ஒப்பீடு

4.1 சீனாவும் அமெரிக்காவும்

மாணவர் மிகுதியாக நாடும் இவ்விரு நாடுகளுக்கும் சான்றுகள் மிகுதி. சீனாவின் திருப்புமுனைகளும் தெளிவானவை: 1978இன் சீர்திருத்தம், 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சேர்ந்தமை. ஆயினும் ‘சீனா’ என்னும் சொல்லுள் பல பொருளியல்கள் அடங்கியுள்ளன. குவாங்தொங் மாகாணத்திற்குப் பொருந்துவது மேற்கு மாகாணங்களுக்குப் பொருந்தாது. அமெரிக்காவும் அத்தகையதே. இரண்டாம் அளவையில் இந்நாடுகள் நிற்பதில்லை. இவற்றை எடுப்பதாயின் ஒரு மாகாணத்தையோ ஒரு தொழிலையோ மட்டும் எடுப்பது தகும்.

4.2 பின்லாந்து

திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசி ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1இல் நிறுத்தியது. நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரித் தகராறு காரணமாக இவ்வாலை அந்த விற்பனையில் சேர்க்கப்படவில்லை. ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். பின்னர் அவ்வளாகத்தை எடுத்துக்கொண்ட சால்காம்ப், பின்லாந்தில் தோன்றிச் சீன நிறுவனம் ஒன்றின் உடைமையானது. ஒரே வளாகத்தில் மூன்று கண்டங்களின் முடிவுகள் சந்திக்கும் சிறந்த நேர்வு இது. எனினும், இங்கு ஆராயப்படுவது பின்லாந்தின் பொருளியல் அன்று, ஒரு நிறுவனத்தின் வரலாறே. சிறப்புப் பொருளாதார மண்டலம் பற்றிய வினாவுக்கு இது பொருந்தும். நாட்டளவிலான வினாவுக்குப் பொருந்தாது.

4.3 தென்கொரியா

1996இல் நிறுவப்பட்ட ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் இருங்காட்டுக்கோட்டை ஆலையும், 2010 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய விரிவான பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தமும் உள்ளூர் இழையையும் திருப்புமுனையையும் தருகின்றன. ஆனால் தென்கொரியாவின் எழுச்சி 1960கள் முதலான அரசுத் தலையீட்டோடு பின்னியது. அதனை உலகமயமாதலின் விளைவு என மட்டும் கூறினால் முடிவு பிழைபடும். வளர்ச்சியில் அரசின் பங்கு பற்றிய வினாவுக்கு இந்நாடு மிகப் பொருத்தமானது.

4.4 மலேசியா

பத்துமலைத் தைப்பூசத்தை அறியாத முருகன் அடியார் இலர். பொருளும் முதலும் மட்டுமன்றி, உழைப்பாளரும் வழிபாடும் கடல் கடந்ததை மலேசியா காட்டுகிறது. ஆசிய நிதி நெருக்கடியின்போது, 1998 செப்டம்பரில், அந்நாடு மூலதனக் கட்டுப்பாடுகளை விதித்தது. ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என மாற்று விகிதத்தை நிலைநிறுத்தியது. 2005 ஜூலை வரை அவ்விகிதம் நீடித்தது. உலகமயமாதலிலிருந்து ஒரு நாடு ஓரளவு பின்வாங்க இயலுமா என்னும் வினாவுக்கு இதனினும் தெளிவான நேர்வு அரிது. நிதியியலில் நாட்டமுள்ள மாணவர் இதனைத் தேர்ந்தெடுக்கலாம்.

4.5 வங்கதேசம்

நெசவுப் பின்புலமுள்ள மாணவர்க்கு ஐந்து அளவைகளிலும் நிற்கும் நாடு வங்கதேசமே. அதன் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆயத்த ஆடையிலிருந்து வருவதால், ஒரு துறையை அறிந்தால் அந்நாட்டின் வெளிவணிகத்தையே ஏறத்தாழ அறிந்ததாகும். அதன் ஏனைய பொருத்தங்கள் அடுத்த பகுதியில் விளக்கப்படுகின்றன.

5. வங்கதேசம்: வினாவும் விளக்கமும்

5.1 மைய வினா

பருத்தியைப் பெரும்பாலும் இறக்குமதி செய்யும் ஒரு நாடு, பல ஆண்டுகளாகச் சீனாவுக்கு அடுத்த நிலையில் ஆடை ஏற்றுமதி செய்கிறது. நூலும் தறியும் நெசவுத் திறனும் மரபாக உள்ள திருத்தணிப் பகுதியோ சேலை, லுங்கி முதலிய துணிகளைப் பெரிதும் உள்நாட்டுச் சந்தைக்கே நெய்கிறது. இவ்வேறுபாடு எவ்வாறு ஏற்பட்டது? இதுவே மாணவர் எடுத்துக்கொள்ளத்தக்க வினா.

5.2 திருப்புமுனைகள்

1974இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தம், வளரும் நாடுகளிலிருந்து செல்வ நாடுகளுக்குச் செல்லும் துணிக்கும் ஆடைக்கும் அளவு வரம்பு விதித்தது. தென்கொரியா போன்ற நாடுகள் தம் வரம்பை எட்டியபோது, வரம்பு விதிக்கப்படாத நாடுகளைத் தேடின. இவ்வகையில் கொரியாவின் தேவூ நிறுவனமும் வங்கதேசத்தின் தேஷ் நிறுவனமும் 1970களின் இறுதியில் உடன்பாடு செய்துகொண்டன. சுமார் 130 வங்கதேசத் தொழிலாளர் கொரியாவின் பூசான் நகரில் பயிற்சி பெற்றுத் திரும்பினர். அவர்களுள் பெரும்பாலோர் 1980களில் தேஷை விட்டு விலகிப் பிற ஆடை நிறுவனங்களைத் தொடங்கினர் அல்லது அவற்றில் சேர்ந்தனர். தொழிற்கல்வி இவ்வாறு பரவியது.

அரசும் இரு வசதிகளைச் செய்தது. ஏற்றுமதிக்கான துணியைச் சுங்கவரியின்றி இறக்கி வைத்துக்கொள்ளும் பிணைக் கிடங்கு ஒன்று. அயல்நாட்டு வாங்குநர் தந்த கடன் உறுதிக் கடிதத்தை ஈடாகக் காட்டி, துணி வாங்குவதற்கு மற்றொரு கடன் உறுதிக் கடிதம் பெறும் முறை மற்றொன்று. கையில் முதலின்றியே ஆலை நடத்த இவை வழிசெய்தன. 1985இல் அமெரிக்கா வங்கதேசத்திற்கும் வரம்பு விதித்தது. 2005 ஜனவரி 1இல் வரம்புகள் முற்றிலும் நீங்கியபோது, அந்நாட்டின் ஆடைத் தொழில் சீனப் போட்டியில் வீழும் எனப் பலர் கணித்தனர், அது வீழவில்லை. ஒரு கணிப்பு ஏன் பொய்த்தது என ஆராய்வது மாணவர்க்கு நல்ல பயிற்சி.

இதிலிருந்து ஒரு கருத்து புலப்படுகிறது. வங்கதேசம் முதலில் நுழைந்த இடம் நெசவு அன்று, தையல். திருத்தணிப் பகுதி நின்ற இடம் தையல் அன்று, நெசவு. உலகச் சந்தையின் வரம்புகளும் சலுகைகளும் பெருமளவில் வேலைவாய்ப்பை உருவாக்கியது தையல் நிலையில்தான். ஆகவே இங்கு ஆராய வேண்டியது திறமையின் ஏற்றத்தாழ்வை அன்று. உற்பத்திச் சங்கிலியில் ஒவ்வொரு பகுதியும் எந்தக் கண்ணியைப் பற்றியது என்பதையே.

5.3 இருமுகம்

ஆடைத் தொழில் வங்கதேசத்தின் ஊர்ப்புறப் பெண்கள் இலட்சக்கணக்கானோர்க்கு முதல் ஊதிய வேலையைத் தந்தது. அதே தொழிலில், 2013 ஏப்ரல் 24இல் டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தனர். கட்டடத்தில் விரிசல் கண்ட மறுநாளும் தொழிலாளர் வேலைக்கு அழைக்கப்பட்டிருந்தனர். அதன்பின் பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப் பிணைப்புள்ள பாதுகாப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்ச மாத ஊதியம் 2013இல் 5,300 டாக்காவாகவும், 2018இல் 8,000 டாக்காவாகவும், 2023இல் 12,500 டாக்காவாகவும் உயர்த்தப்பட்டது. இவ்வுயர்வில் எவ்வளவு விலைவாசி உயர்வால் கரைந்தது எனக் கணக்கிடுவது, ‘நன்மை–தீமை’ப் பட்டியலைவிட மேலான விடையைத் தரும்.

5.4 உள்ளூர் இழை

இந்தியப் பருத்தி நூலை வாங்கும் முதன்மை நாடுகளுள் வங்கதேசமும் ஒன்று. தமிழ்நாட்டு நூற்பாலைகளும் அவ்வணிகத்தில் பங்குடையன. நூல் ஏற்றுமதி பெருகும்போது உள்நாட்டில் நூல் விலை ஏறுகிறது என்பது நெசவாளரின் நெடுநாள் முறையீடு. 2010–11ஆம் நிதியாண்டில் ஒன்றிய அரசு பருத்தி நூல் ஏற்றுமதிக்கு 72 கோடி கிலோ என்னும் உச்சவரம்பு விதித்தது. 2025 ஏப்ரலில் வங்கதேசம் இந்திய நூலின் தரைவழி இறக்குமதியை நிறுத்தியது. அடுத்த மாதமே இந்தியா வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியாக நுழைவதைத் தடுத்தது. இம்முடிவுகள் நூல் வணிகரின் விலைப்பட்டியல் வழியே தறி வீட்டை அடைகின்றனவா என்பதைப் பொதட்டூர்பேட்டையிலோ ஆர்.கே.பேட்டையிலோ நேரில் வினவலாம். தெலுங்கும் அறிந்த எல்லைப்புற மாணவர் நகரியிலும் அதே வினாவை எழுப்பி ஒப்பிடலாம்.

5.5 சான்றுகளும் எச்சரிக்கைகளும்

உலக வங்கியின் வளர்ச்சிக் குறியீடுகள், உலக வணிக அமைப்பின் புள்ளிவிவரங்கள், வங்கதேச வங்கியின் வெளியீடுகள், இந்திய வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி–இறக்குமதித் தரவுத்தளம் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பன்னாட்டுச் சுங்கக் குறியீட்டில் பருத்தி 52ஆம் அதிகாரத்திலும், பின்னலாடை 61ஆம் அதிகாரத்திலும், நெய்த துணியாலான ஆடை 62ஆம் அதிகாரத்திலும் அடங்கும். இம்மூன்று எண்களைக் கொண்டே இரு நாட்டு வணிகத்தின் வடிவத்தைக் காணலாம். ஏற்றுமதியும் இறக்குமதியும் சேர்ந்த தொகை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை விழுக்காடு என்பது வணிகத் திறப்பின் எளிய அளவு.

நான்கு எச்சரிக்கைகள் தேவை. முதலாவதாக, இந்திய நிதியாண்டு ஏப்ரலிலும் வங்கதேச நிதியாண்டு ஜூலையிலும் தொடங்குவதால் ஆண்டுகளை நேருக்கு நேர் ஒப்பிடலாகாது. இரண்டாவதாக, வங்கதேசத்தின் ஏற்றுமதிக் கணக்கு மிகைப்பட்டிருந்தது 2024இல் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. இரு மூலங்களை ஒப்பிடுவதன் தேவையை இது உணர்த்துகிறது. மூன்றாவதாக, ஆலைத் தொழிலாளர் பெறுவது மாத ஊதியம், தறி நெசவாளர் பெறுவது நெய்த அளவுக்கான கூலி. உழைத்த நேரத்தையும் வாங்கும் திறனையும் கணக்கில் கொள்ளாமல் இவற்றை ஒப்பிடுவது தவறு. நான்காவதாக, இரு நிகழ்வுகள் ஒரே காலத்தில் நேர்ந்தன என்பதால் ஒன்று மற்றொன்றின் காரணமாகிவிடாது. திருத்தணிப் பகுதித் தறி ஓசை ஓய்ந்தால், அதற்கு டாக்காவின் ஆயத்த ஆடை மட்டுமே காரணம் எனக் கொள்ளலாகாது. நூல் விலை, மின்சாரம், விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் போன்ற அரசுக் கொள்முதல், உடுத்தும் வழக்கத்தின் மாற்றம், தொழிற்சாலை வேலையின் ஈர்ப்பு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

முடிவுரை

உலகமயமாதல் நேர்வாய்வுக்கு எல்லோர்க்கும் பொருந்தும் ஒரு நாடு இல்லை. நிதி பற்றிய வினாவுக்கு மலேசியாவும், அரசின் பங்கு பற்றிய வினாவுக்குத் தென்கொரியாவும், சிறப்புப் பொருளாதார மண்டலம் பற்றிய வினாவுக்குத் திருப்பெரும்புதூரின் நோக்கியா ஆலையும் பொருந்துகின்றன. நெசவை அறிந்த திருத்தணிப் பகுதி மாணவர்க்கு வங்கதேசம் பொருந்துகிறது. வினாவை முதலில் வகுத்து, ஐந்து அளவைகளால் நாடுகளைச் சோதித்து, பின்னரே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது முறையாகும்.

வங்கதேசம் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறும் நாளாக 2026 நவம்பர் 24ஐ ஐ.நா. பொதுப்பேரவை 2021இல் குறித்தது. வெளியேற்றத்தோடு அந்நாடு பெற்றுவந்த வரிச் சலுகைகள் பலவும் காலப்போக்கில் நீங்கும். அப்போது ஆடை வணிகம் எங்கு நகரும், நூல் எங்குச் செல்லும் என்பன விடை காணப்படாத வினாக்கள். பாவு ஓட்டுவதையும் நூல் விலைக்காகத் தறி நிற்பதையும் வீட்டிலேயே கண்டு வளர்ந்த ஒரு மாணவர், அவ்வினாக்களை எழுப்பத் தகுதியுடையவர். பாடநூலின் பட்டியலைப் படியெடுக்க வைத்து அத்தகுதியை வீணாக்காமல் இருப்பது, நேர்வாய்வைப் பயிற்றும் துறைகளின் கடமையாகும்.